கடலிலிருந்து பார்த்த ஊர்

சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பில் பழைய படம் ஒன்றின் நகலைச் சுற்றுக்கு விட்டேன். தூத்துக்குடி நகரின் படம் அது. ஏறத்தாழ 340 ஆண்டுகளுக்கு முன், ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் தம் நாட்டில் அச்சிட்டு வெளியிட்டது. படம் கைக்குக் கை மாறிற்று. முன் வரிசையார் கப்பல்களைப் பார்த்தனர். நடு வரிசையார் தேவாலயத்தைப் பார்த்தனர். பின் வரிசையிலிருந்து ஒட்டப்பிடாரம் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதிலே பாஞ்சாலங்குறிச்சி எங்கே இருக்கு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். அன்று மாலை பேருந்தில் வரும்போதுதான் அது நகைக்கத்தக்க கேள்வியன்று என்பது எனக்கு உறைத்தது. ஒரு நகரப்படத்தைப் பார்ப்பவன் கேட்கவேண்டிய கேள்விகளுள் தலையாயது அதுவே. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் படம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். தூத்துக்குடி 1658 ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. படை நடத்தி வந்தவர் ரிக்லோப் வான் கூன்ஸ். அவரோடு கப்பலில் வந்த குருமார்களுள் ஒருவர் பிலிப்பு பால்தேயு. யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் தங்கித் தமிழும் கற்ற பால்தேயு பாதிரியார், மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகிய நாடுகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். அது 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மற்றொருவர் யோகான் நியுஹோப். இவர் 1660களில் கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் கும்பினி அலுவல் பார்த்தவர். படம் வரையும் கை படைத்தவர். 1672இல் மடகாஸ்கர் தீவில் கரையிறங்கியவர் திரும்பவே இல்லை. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளையும் வரைவுகளையும் கொண்டு அவருடைய உடன்பிறந்தார் 1682இல் நூலை வெளிக்கொணர்ந்தார். இவ்விரு நூல்களிலும் தூத்துக்குடிக்குப் படம் உண்டு. நான் வகுப்பில் காட்டியது நியுஹோப் நூலில் உள்ளது. தாம் கண்ட ஊர் அச்சில் எப்படி வந்தது என்பதை அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். நாம் காண்பது அச்சுப்படம். நேரில் நின்று வரைந்த கைவரைவு அன்று. அக்காலத்தில் நகரப்படம் உருவான வழி இது: ஊரைக் கண்டவர் கரிக்கோலாலோ சுண்ணக்கரியாலோ மையாலோ தாளில் விரைந்து வரைந்து கொள்வார். தாய்நாடு சென்றபின் வேறொருவர் அதைத் திருத்தமாகப் படியெடுப்பார். செதுக்குவோர் அதைச் செப்புத் தகட்டில் உளியால் கீறுவார். கீறலில் மை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். செதுக்குவோர் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் எல்லையைத் தாண்டாதவர். பனைக்கும் தென்னைக்கும் வேற்றுமை அறியாதவர். வரைவில் வெற்றிடம் இருந்தால் அதைத் தம் கற்பனையால் நிரப்பிவிடுவார். படம் வெறுமையாக இருந்தால் நூல் விலைபோகாது என்று பதிப்பாளர் அவரை நெருக்கவும் செய்வார்.

இது வெறும் ஊகம் அன்று. இதே நியுஹோப் 1650களில் சீனத்துக்குத் தூது சென்ற குழுவில் இருந்து வரைந்த படங்கள் 1665இல் அச்சேறி ஐரோப்பாவையே மயக்கின. அவருடைய கையெழுத்துப் படியும் மூல வரைவுகளும் 1980களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் அடையாளம் காணப்பட்டன. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த டச்சு அறிஞர்கள், வரைவில் இல்லாத மரங்களும் மனிதர்களும் அலங்காரங்களும் அச்சில் முளைத்திருப்பதைக் காட்டினார்கள். நியுஹோப் அடக்கமாக வரைந்ததை ஆம்ஸ்டர்டாம் ஆடம்பரமாக்கியது. ஆகவே தூத்துக்குடிப் படத்தைப் பார்க்கும்போது, ஒரு தென்னை மரத்தைக் கண்டவுடன் 'அந்நாளில் இங்கே தென்னந்தோப்பு இருந்தது' என்று எழுதிவிடக் கூடாது. அத்தென்னை ஆம்ஸ்டர்டாமில் காய்த்ததாகவும் இருக்கலாம்.

மற்றொரு பொறியும் உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். தேர்ந்த செதுக்குநர் இதை அறிந்து தகட்டிலேயே தலைகீழாக்கிச் செதுக்குவார். எல்லாரும் அந்தச் சிரமத்தை மேற்கொண்டதில்லை. ரெம்பிராண்ட் என்னும் பேரோவியர் 1640ஐ ஒட்டி வெளியிட்ட ஆம்ஸ்டர்டாம் காட்சியில் கிழக்கிலிருப்பது மேற்கிலும் மேற்கிலிருப்பது கிழக்கிலுமாக மாறியே அச்சாகியுள்ளது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஊரை அறிந்தவர் ஒருவர்தாம் இப்பிழையைக் கண்டுபிடிக்க முடியும். தூத்துக்குடிப் படத்தைச் சரிபார்க்க ஆம்ஸ்டர்டாம் அறிஞரைவிட மீன் ஏலம் கூறும் நம் ஊர்க்காரர் தகுதியுடையவர் என்பேன்.

இனிக் கரிக்கோலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பென்சிலின் கருப்பொருள் இங்கிலாந்தின் வடபகுதியில் பாரோடேல் என்னும் மலைப்பள்ளத்தில் 16ஆம் நூற்றாண்டில் பெருமளவில் அகப்பட்டது. தொட்டால் கறுப்பாக ஒட்டியது. அதை ஈயத்தின் ஒரு வகை என்று எண்ணினார்கள். உண்மையில் அதில் ஈயம் அணுவளவும் இல்லை; வைரத்தைப் போல அதுவும் வெறும் கரிதான். டச்சு மொழியில் இன்றும் பென்சிலுக்கு வழங்கும் பெயர் 'போட்லோட்'. அதன் பிற்பகுதிக்கு ஈயம் என்று பொருள். நாமும் காரீயம் என்றே சொல்லி வருகிறோம். இரு மொழியாரும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே தவறைச் செய்திருக்கிறோம்! களிமண் கலந்து சுட்டு, கடினமும் மென்மையும் வேண்டியபடி அமைக்கும் இன்றைய பென்சில், பிரான்சு நாட்டுக் கோன்டே என்பவர் 1795இல் உரிமம் பெற்ற முறையால் வந்தது. பால்தேயு, நியுஹோப் காலத்தில் வரைவோர் கையில் இருந்தவை இயற்கைக் காரீயக் கட்டி, கருஞ்சுண்ணம், இறகுப் பேனா ஆகியவையே. பழைய வரைவு ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். காரீயக் கோடு மினுங்கும். கருஞ்சுண்ணக் கோடு மினுங்காது, மணல் மணலாய்த் தெரியும். மைக்கோடு பழுத்துப் பழுப்பேறியிருக்கும். நம் முன்னோர் கடுக்காயில் மை காய்ச்சியதும், ஐரோப்பியர் கருவாலி மரத்துக் காய்ப்புகளில் மை காய்ச்சியதும் ஒரே துவர்ப்பை நம்பித்தான்.

கோட்டின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். வரைபவர் தயங்கிய இடத்தில் கோடு மெலியும், இரண்டு மூன்றாய்ப் பிரியும். உறுதியாகக் கண்ட இடத்தில் ஒரே கோடாய் நிற்கும். அச்சுப்படத்தில் தயக்கம் மறைந்துவிடும். எல்லாமே உறுதியாகத் தெரிந்தது போன்ற தோற்றம் வந்துவிடும். அச்சை நம்புவதைவிடக் கைவரைவை நம்புவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். தெரியாததைத் தெரியாது என்று காட்டும் நேர்மை பென்சிலுக்கு உண்டு.

இப்போது அந்தப் பின் வரிசைக் கேள்விக்கு வருவோம். ஒரு நகரப்படத்தைப் பார்த்ததும் 'இதில் என்னென்ன இருக்கின்றன?' என்று எண்ணத் தொடங்குவது நம் பழக்கம். அதற்கு முன் 'இதை வரைந்தவர் எங்கே நின்றார்?' என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி தொடுவானக் கோடு. வரைபவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்தில்தான் தொடுவானம் படத்தில் அமையும். குன்றின்மேல் நின்று வரைந்தால் தொடுவானம் உயர்ந்து, தெருக்கள் விரிந்து தெரியும். தாழ நின்று வரைந்தால் ஊர் ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கும்; உயர்ந்தவை மட்டும் வானில் துருத்தி நிற்கும். துறைமுகங்களை வரைந்த ஒல்லாந்தப் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கீழே கடல், கடலில் கொடி பறக்கும் கப்பல்கள், அதற்குமேல் ஒரு விரற்கடை கரை, கரைமேல் கூரைகள், எல்லாவற்றுக்கும் மேலே படத்தின் பாதியையும் விழுங்கும் வானம். வரைந்தவர் நின்ற இடம் கப்பல் தளம் என்பது வெளிப்படை. அல்லது அங்கே நிற்பதாக வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. அந்நாளில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கி.மீ. தள்ளியே நங்கூரம் பாய்ச்சின. சரக்கும் ஆளும் தோணியில்தான் கரைசேர வேண்டியிருந்தது. ஆகவே வந்தவர் கண்ணில் ஊர் முதலில் பட்டது தொலைவிலிருந்துதான். புதிதாக வரும் மாலுமிக்கு 'இதுதான் தூத்துக்குடி' என்று அடையாளம் காட்டுவதும் இத்தகைய படத்தின் பயன். போர்த்துக்கீசியர் கட்டி விட்டுச் சென்ற பெரிய தேவாலயங்கள் அதற்கு உதவின.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் தொடுவானம் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் அமையும். 20 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சி அந்தக் கண்ணுக்குச் சுமார் 24 கி.மீ. வரை தெரியக்கூடும். 4 மீட்டர் உயரமுள்ள மண்சுவர் 15 கி.மீ. தாண்டினால் பூமியின் வளைவில் மறைந்துவிடும். பாஞ்சாலங்குறிச்சி தூத்துக்குடிக்கு வடமேற்கே சுமார் 20 கி.மீ. உள்ளே இருக்கிறது. இடையில் மரமும் மேடும் வேறு. கப்பல் தளத்தில் நின்றவர் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தாலும் கரிசல் நாட்டு மண்சுவர் ஒன்றும் அவர் கண்ணில் பட்டிருக்க இயலாது. கோபுரம் எழுப்பிய ஊர் படத்தில் வந்தது. மண்ணோடு மண்ணாய்க் கிடந்த ஊர்கள் வரவில்லை. மாணவருக்கு நேர்விடை வேண்டுமானால் இப்படிச் சொல்வேன்: கிழக்கே கடலில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம். செதுக்குநர் இடவலம் மாற்றவில்லை என்று கொண்டால், படத்தின் வலப்புறக் கூரைகளுக்குப் பின்னால், ஒன்றும் வரையாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடத்துக்குக் கீழே உங்கள் ஊர் இருக்கிறது.

அந்த வெள்ளை இடம் ஒன்றுமற்ற இடம் அன்று. ஒல்லாந்தர் தூத்துக்குடிக்கு வந்தது முத்துக்கும் சங்குக்கும் மட்டும் அன்று, துணிக்காகவும்தான். திருநெல்வேலிச் சீமைத் தறிகளில் நெய்த துணி அவர்களுடைய கப்பல்களில் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. துணிக்குத் தறி வேண்டும். தறிக்கு நூல் வேண்டும். நூலுக்குப் பருத்தி வேண்டும். பருத்திக்குக் கரிசல் வேண்டும். படத்தில் கம்பீரமாக நிற்கும் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் மூட்டை, படத்தில் இல்லாத நிலத்திலிருந்து வந்தது. வண்டிப்பாதையில் மாடு இழுத்து வந்த அந்தப் பொதியை எந்தச் செதுக்குநரும் செதுக்கவில்லை. கும்பினியின் கணக்கேட்டில் மட்டும் அது எண்ணாக நிற்கிறது. படத்தையும் கணக்கேட்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஊர் முழுமையாகத் தெரியும்.

படத்தைக் காலத்தோடு பொருத்திப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். படத்தில் தேவாலயத்தைக் கண்டவுடன் வகுப்பில் பலரும் "பனிமய மாதா கோயில்" என்றனர். இன்று நாம் காணும் பனிமய மாதா பேராலயக் கட்டடம் 1713இல் எழுந்தது. 1682இல் அச்சான படத்தில் அது இருக்க வழியில்லை. அன்னையின் திருவுருவம் 1555இலேயே தூத்துக்குடிக்கு வந்துவிட்டது என்பது வேறு செய்தி. அதுபோலவே ஒல்லாந்தர் கட்டிய திரித்துவ ஆலயம் 1750ஐச் சேர்ந்தது. அதையும் இப்படத்தில் தேடக் கூடாது. பழைய படத்தில் இன்றைய ஊரைத் தேடும் ஆசை இயல்பானதே. ஆனால் அந்த ஆசையே கண்ணை மறைக்கும் முதல் திரை.

நிற்கும் இடத்தால் படம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒல்லாந்தர் தம் சொந்த ஊரை வரைந்த இரண்டு படங்களைச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் ஒரே கட்டடத்தின் படங்கள். ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரமன்றம் அது. கூர்முடி நீக்கப்பட்டு மொட்டையாக நின்ற கோபுரமும், ஒட்டும் வெட்டுமாய்ச் சேர்ந்த பழஞ்சுவர்களும் கொண்டது. அழகான கட்டடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பீட்டர் சான்ரடாம் என்ற ஓவியர் 1641 சூலைத் திங்களில் ஆறு நாள்கள் அதன் எதிரே உட்கார்ந்து கல் கல்லாக வரைந்தார். சான்ரடாம் அளந்து வரைபவர். பெரும்பாலும் கட்டடங்களையே வரைந்தவர். 1648இல் நகரத்தார் அதன் பின்புறம் ஒரு புதிய மாளிகையைக் கட்டத் தொடங்கினர். 1652 சூலை 7ஆம் நாள் பழைய கட்டடம் தீப்பற்றி அழிந்தது. ஐந்தாண்டு கழித்து, 1657இல், சான்ரடாம் தம் பழைய வரைவை எடுத்து வைத்துக்கொண்டு, இல்லாத கட்டடத்தை வண்ணத்தில் தீட்டினார். எந்த ஆண்டில் எத்தனை நாள் வரைந்தார், எப்போது தீட்டினார் என்பதை அப்படத்திலேயே எழுதியும் வைத்தார். அது இன்று ஆம்ஸ்டர்டாம் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆறு நாள் உழைப்பு ஒரு கட்டடத்தைத் தீயிலிருந்து காத்தது. கல்லைக் காக்கவில்லை, அதன் முகத்தைக் காத்தது.

மற்றப் படம் ரெம்பிராண்ட் வரைந்தது. தீப்பிடித்த இரண்டு நாள் கழித்து, 9ஆம் நாள், அவர் அங்கே போய் எரிந்த சுவரையும் மொட்டைக் கோபுரத்தையும் இறகுப் பேனாவால் ஒரு சிறு தாளில் வரைந்தார். எதிரே பளபளப்பாக எழுந்துகொண்டிருந்த புதிய மாளிகையை அவர் வரையவில்லை. தாளில் தம் கையால் ஒரு குறிப்பும் எழுதினார்: நாள் இன்னது, இது நகரமன்றம் எரிந்தபின் உள்ள நிலை, எடைமண்டபத்திலிருந்து பார்த்தது. இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். இவ்வளவு பெரிய ஓவியர், தாம் எங்கே நின்றார் என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தார். தூத்துக்குடிப் படத்தில் யாரும் அப்படி எழுதவில்லை. நாம்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

'நம்மவர் ஏன் இப்படி வரைந்து வைக்கவில்லை?' என்று ஒரு குரல் எழும். அதில் ஒரு தாழ்வு மனப்பான்மையும் ஒளிந்திருக்கும். நம்மவர் வரையாமல் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துத் திருப்புடைமருதூர்க் கோயில் இராசகோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள். நிலைக்கு நிலை சுவர் முழுதும் படங்கள். அவற்றுள் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்றும் உண்டு. ஆனால் அதை வரைந்தவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. கப்பலைப் பக்கவாட்டில் காட்டுவார். அதற்குள் இருப்பவரையும் ஒளிக்காமல் காட்டுவார். அரசர் பெரிதாகவும் சேவகர் சிறிதாகவும் இருப்பர். தொலைவு என்பதே அங்கே கிடையாது, மதிப்புத்தான் அளவு. கதை சொல்ல இது மிகச் சிறந்த முறை. ஒல்லாந்தப் படத்தில் மனிதர்கள் எறும்புகளாகக் கரையில் ஊர்கிறார்கள்; திருப்புடைமருதூரில் மனிதர்களே படம். ஆனால் சுவரின் உயரம் என்ன, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் நம் சுவரோவியம் விடை சொல்லாது. ஒவ்வொரு முறைக்கும் ஒன்று கைவரும், ஒன்று கைநழுவும்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு நேர்ந்ததும் இதுதான். 1799 செப்டம்பரில் கோட்டை வீழ்ந்தது. அக்டோபர் 16இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்பிரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், இடிந்த கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்து நின்றது. அந்த மண்சுவர் மார்ச்சு 31இல் நடந்த பெருந்தாக்குதலைத் தாங்கி நின்றது. மே 24இல்தான் வீழ்ந்தது. அந்த இடைக்காலத்தில் பாஞ்சாலங்குறிச்சியார் தூத்துக்குடியையும் கைப்பற்றினார்கள். படத்தில் இல்லாத ஊர் படத்தில் உள்ள ஊருக்குள் நுழைந்த நாள் அது என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னர் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரார் சொல்வர்.

அந்தக் கோட்டை எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் நமக்கு இரண்டு வகைச் சான்று உண்டு. ஒன்று நம் கதைப்பாடல்கள். வீரம், துரோகம், தாயின் அழுகை, சக்கம்மாளின் அருள் ஆகிய எல்லாம் அவற்றில் உயிரோடு இருக்கின்றன. சுவரின் அகலம் இல்லை. மற்றொன்று தாக்கியவர் எழுதியது. முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படையலுவலர் தம் நாட்குறிப்பைக் கொண்டு 1830இல் லண்டனில் இரு தொகுதி நூல் வெளியிட்டார். ஊமைத்துரையைப் பற்றி அவர் வியந்தே எழுதியிருக்கிறார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் அவர் நின்ற இடம் பீரங்கிக்குப் பின்புறம். எந்த மூலையை உடைக்கலாம் என்று பார்த்த கண் அது. கோட்டைக்குள் கிணற்றடி எங்கே, தானியம் குத்திய திண்ணை எங்கே என்பது அந்தக் கண்ணுக்கு வேண்டாத செய்தி. ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்துக்கு எடைமண்டபத்தில் நின்ற சொந்த ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தார். நமக்கு அப்படி வாய்க்கவில்லை.

1968-69இல் தொல்லியல் துறையினர் பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு செய்தனர். பழைய அடித்தளச் சுவர்களை இன்றும் காணலாம். 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை அருகே நிற்கிறது. உள்ளே போர்க் காட்சிகள் சுவரில் தீட்டப்பட்டுள்ளன. சுற்றுலா வருவோர் நினைவுக் கோட்டையின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முழங்காலளவு கூட இல்லாத அந்த அடித்தளத்தின் அருகில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். கற்பனை கலவாதது அது ஒன்றுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுக்காமல் விட மனம் வரவில்லை. வரையும் பென்சில் ஒன்றும் ஒரு தாள் அட்டையும் போதும். சொந்த ஊருக்குப் போய் ஓரிடத்தில் நின்று, அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்து வரைந்து வாருங்கள் என்றேன். ஒளிப்படக் கருவி எல்லார் கையிலும் இருக்கும்போது பென்சில் எதற்கு என்று கேட்டார்கள். கருவி நொடியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். எடுத்தவர் ஒன்றையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. பென்சில் பிடித்தவர் ஓட்டுக் கூரையில் எத்தனை வரிசை ஓடு என்று எண்ணித்தான் தீர வேண்டும்.

கரிசல் காட்டை வரைவதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் சொல்லி வைத்தேன். ஒல்லாந்த முறையில் தரை வெளிறியும், அதன்மேல் நிற்கும் பொருள்கள் கறுத்தும் இருக்கும். கடற்கரை மணலுக்கும் அவர்கள் நாட்டு நீர்நிலத்துக்கும் அது பொருந்தும். நம் ஊரில் தரைதான் எல்லாவற்றிலும் கறுப்பு. அதன்மேல் நிற்கும் வெடித்த பருத்தி வெள்ளை, காய்ந்த சோளத்தட்டை வெளுப்பு. அவர்களுடைய முறையை அப்படியே பின்பற்றினால் கரிசல் தேரிக்காடாகிவிடும். பென்சிலைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் தேய்த்துத் தரையை முதலில் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டும். பருத்திக்குத் தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். கோடையில் நிலம் வெடித்திருக்கும்போது வெடிப்புகளைக் கோடாகப் போடாதீர்கள். அவை கறுப்புக்குள் கறுப்பு. சுற்றியுள்ள கட்டிகளின் விளிம்பில் விழும் வெயிலை வெளுப்பாக விட்டால் வெடிப்பு தானே தோன்றும். படத்தின் மூலையில் மூன்று செய்திகள் எழுத வேண்டும் என்பது மட்டும் கட்டளை: பெயர், நாள், நின்ற இடம்.

இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. சில நன்றாக இல்லை. கோவில்பட்டி இரயில் நிலையத்தை வரைந்த ஒருவர் இரயிலை மட்டும் வரைந்திருந்தார். ஒரு மாணவி தம் பாட்டியின் மண்வீட்டு அடுப்படியைத் தரையில் உட்கார்ந்து வரைந்திருந்தார். தொடுவானம் அடுப்பின் உயரத்தில் இருந்தது. அந்த வீடு அடுத்த மாதம் இடிபடப் போவதாகச் சொன்னார்.

பின் வரிசை மாணவரின் படத்தில் பெரும்பகுதி தேய்த்த கறுப்பு. அதன்மேல் இரண்டு பனைகள், ஓர் உடைமரம், மேலே வெற்று வானம். மூலையில் தம் பெயரையும் நாளையும் எழுதி, 'பழைய கோட்டை அடித்தளச் சுவரின் அருகில் நின்று, தென்கிழக்கே பார்த்தது' என்று குறித்திருந்தார். "தூத்துக்குடி எங்கே?" என்று கேட்டேன். பனைக்கு வலப்பக்கம் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.